நாற்பத்து மூன்று பேர் குடித்த சாறு

குருவுக்குத் தாடி இருக்க வேண்டும், சீடர் குருவைவிட வயதில் சின்னவராக இருக்க வேண்டும் என்றெல்லாம் நமக்கு ஓர் எண்ணம் உண்டு. இந்தக் கதையில் தாடி வைத்திருந்தவர் சீடர்தான்.

அவர் பெயர் கோதண்டபாணி. வயது அறுபத்திரண்டு. மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். குருவின் பெயர் தையல்நாயகி. வயது நாற்பத்தொன்று. சித்த மருத்துவம் முறையாகப் படித்துப் பட்டம் வாங்கியவர். பேரளம் ஸ்டேஷன் ரோட்டில் சின்னதாக ஒரு வைத்தியசாலை வைத்திருந்தார்.

ஒரு விஜயதசமி காலையில் கோதண்டபாணி தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, ஆறு சாத்துக்குடி, ஒரு கைத்தறிப் புடவை எல்லாம் வைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தார். தட்டை மேசைமேல் வைத்தார். வைத்தியர் என்ன ஏது என்று கேட்பதற்குள் நெடுஞ்சாண்கிடையாகத் தரையில் விழுந்தார். வைத்தியர் பதறிப்போய் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"ஐயா, எந்திரிங்க! எங்க அப்பா வயசு உங்களுக்கு."

"படிக்கிறதுக்கு என்னம்மா வயசு? என்னைச் சீடனா ஏத்துக்கிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

"முதல்ல எந்திரிங்க. முட்டி வலிக்கும்."

விழுந்த வேகத்தில் எழுந்திருக்க முடியவில்லை. கடைசியில் குருவும், காத்திருந்த நோயாளி ஒருவரும் ஆளுக்கொரு கை கொடுத்துத் தூக்கிவிட வேண்டியிருந்தது.

கோதண்டபாணிக்கு வைத்தியப் பித்து சும்மா பிடிக்கவில்லை. ஓய்வு பெற்ற மறுவருடம் அவருக்குச் சிறுநீரகத்தில் கல் வந்தது. யாரோ சொன்னார்கள் என்று வாழைத்தண்டுச் சாறு குடித்தார். இருபத்தொரு நாள் குடித்தார். இருபத்திரண்டாம் நாள் கல் விழுந்தது. துவரம்பருப்பில் பாதி இருக்கும். அதைக் கழுவித் துடைத்து, பஞ்சு வைத்து, ஒரு குங்குமச் சிமிழில் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "சௌக்கியமா?" என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், சிமிழ் திறந்துவிடும். ஒருமுறை கல்யாணப் பந்தியில், பாயசம் பரிமாறும் நேரத்தில் திறந்துவிட்டார்.

வைத்தியரிடமும் திறந்து காட்டினார்.

"இந்த அளவு கல்லு, தண்ணி நிறையக் குடிச்சாலே விழுந்துடும்யா" என்றார் வைத்தியர்.

"ஆனா நான் குடிச்சது சாறும்மா."

"சாத்துல என்ன இருந்துச்சு?"

"வாழைத்தண்டு."

"அப்புறம்?"

"தண்ணி" என்றார் கோதண்டபாணி. சொன்ன பிறகு சொல்லியிருக்க வேண்டாமோ என்று அவருக்குத் தோன்றியது. சிமிழை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

பேரளத்தில் வயதானவர்கள் ரயில்வே பிளாட்பாரத்தில்தான் காலை நடை போவார்கள். மேடு பள்ளம் கிடையாது. நாய்த் தொல்லையும் அவ்வளவாக இல்லை. அவர்களுக்கு வைகறை நடையாளர் மன்றம் என்று ஒரு மன்றம்கூட உண்டு. ஸ்டேஷன் வாசலில் ஒரு மேசையைப் போட்டு, இரண்டு பெரிய எவர்சில்வர் தூக்குகளை வைத்துக்கொண்டு, நடந்துவிட்டு வருகிற அத்தனை பேருக்கும் கோதண்டபாணி வாழைத்தண்டுச் சாறு கொடுத்தார். சளி, சர்க்கரை, தூக்கமின்மை, முதுகுவலி, மருமகளோடு மனஸ்தாபம் எதுவானாலும் ஒரு டம்ளர்தான். பின்னால் ஒரு பேனர். 'இயற்கைக்குப் பக்க விளைவு கிடையாது' என்ற வாசகத்துக்குக் கீழே கோதண்டபாணி கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

இதில் சிரிக்க ஒன்றுமில்லை, அவர் பக்கத்திலிருந்து பார்த்தால். முப்பத்தைந்து வருடம் ஊர் அவரைத் திட்டியிருக்கிறது. கரண்ட் போனால் இன்ஸ்பெக்டர், வந்து மறுபடியும் போனால் இன்ஸ்பெக்டர். புயலில் மரம் விழுந்து கம்பி அறுந்தாலும் இன்ஸ்பெக்டர்தான். இப்போது அதே ஊர் டம்ளரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு "நல்லா இருங்க" என்கிறது. அதைக் கேட்காமல் இனி அவரால் ஒரு நாள்கூட இருக்க முடியாது.

வைத்தியர் அவரைச் சீடர் என்று சொல்லவில்லை. போகச் சொல்லவும் இல்லை. ஒரு முக்காலியும் பேனாவும் கொடுத்தார்.

அந்த வைத்தியசாலையில் ஒரு வழக்கம் உண்டு. வருகிறவர்கள் வீட்டில் இருக்கிற மருந்து அத்தனையையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு வர வேண்டும். இங்கிலீஷ் மாத்திரை, கஷாயப்பொடி, சிங்கப்பூரிலிருந்து மச்சினன் கொண்டுவந்த தைலம், மேல்மலையனூரில் வாங்கிய விபூதி எதுவும் பாக்கி இருக்கக் கூடாது. பையை மேசையில் கொட்டி ஒவ்வொன்றாக எடுத்து அட்டையில் எழுதிய பிறகுதான் கேள்வியே ஆரம்பிக்கும். இருபது கேள்வி. எழுதுவதும் கேட்பதும் கோதண்டபாணியின் வேலையாயிற்று.

ஒருநாள் அடுத்தடுத்து மூன்று பேர் முட்டிவலி என்று வந்தார்கள். மீன்கூடை சுமக்கிற அம்மாவுக்கு வைத்தியர் தைலம் கொடுத்து, கூடையை எப்படி இறக்குவது என்று இறக்கிக் காட்டினார். அடுத்து வந்த பெரியவரின் பையிலிருந்து பெயர் ஒட்டாத ஒரு பொட்டலம் விழுந்தது. சந்தையில் வாங்கிய பொடியாம், சுத்தமான மூலிகையாம். வைத்தியர் அதைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டு அவரை ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். மூன்றாவதாக வந்த டீச்சரிடம் மருந்தைப் பற்றிப் பேச்சே இல்லை.

"செருப்பைக் கழட்டிக் காட்டுங்க" என்றார் வைத்தியர். பார்த்துவிட்டு, "ஒரு பக்கம் தேஞ்சு போச்சு. வேற செருப்பு வாங்குங்க. ஒரு மாசம் கழிச்சு வாங்க" என்று அனுப்பிவிட்டார்.

கோதண்டபாணிக்குப் பொறுக்கவில்லை.

"அம்மா, மூணும் முட்டிவலி. ஒரே தைலத்தைக் குடுத்திருந்தா பத்து நிமிஷத்துல முடிஞ்சிருக்கும்."

"முடிஞ்சிருக்கும்தான்யா. அடுத்த வாரம் மூணு பேரும் திரும்பி வந்திருப்பாங்க."

"மருந்துன்னா எல்லாருக்கும் பொதுவா இருக்க வேணாமா?"

"அட்டையில அந்த டீச்சர் பேரை எழுதினீங்களா?"

"இல்லம்மா, விட்டுப்போச்சு."

"எழுதுங்க."

கோதண்டபாணி முணுமுணுத்துக்கொண்டே எழுதினார். அவர் பார்த்த உத்தியோகத்தில் ஊருக்கெல்லாம் ஒரே வோல்டேஜ்தான். பணக்காரன் வீட்டுக்கு ஒன்று, ஏழை வீட்டுக்கு ஒன்று என்று அனுப்பியதில்லை.

தை பிறந்தது. ஒரு நாள் கோதண்டபாணி அட்டை போட்ட நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து குருவின் முன்னால் வைத்தார். சாறு குடித்துக் குணமானவர்களின் பட்டியல். நாற்பத்து மூன்று பேர். பெயர், வயது, இருந்த நோய், போன நோய். எல்லாம் கோடு போட்டு எழுதியிருந்தது.

"பூந்தோட்டத்துலயும் நன்னிலத்துலயும் மேசை போடலாம்னு இருக்கேம்மா. தைப்பூசத்துக்கு ஆரம்பிக்கிறோம். பேனர்ல 'சித்த மருத்துவர் தையல்நாயகி அவர்களின் சீடர்'னு போட்டுக்க உங்க சம்மதம் வேணும்."

வைத்தியர் நோட்டைப் பிரித்தார்.

"நாப்பத்து மூணு பேரும்மா. ஒருத்தர்கூட நல்லா இல்லேன்னு சொல்லல. இதுக்கு மேல என்ன வேணும்?"

வைத்தியர் முதல் பெயரிலேயே நின்றார். வேதவல்லி, வயது அறுபது, களைப்பு நீங்கியது.

"இது உங்க வீட்டம்மாவா?"

"ஆமாம்மா. முதல் டம்ளர் அவளுக்குத்தான். நாலு மாசமா. காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. சாறு துவர்க்குமேன்னு பின்னாலேயே ஒரு இளநீரும் குடுத்துடுவேன்."

"மாத்திரை ஏதாவது சாப்பிடறாங்களா?"

"அவளுக்கு ஒண்ணும் கிடையாதும்மா. குண்டுக்கல்லு மாதிரி இருக்கா."

"கேட்டுட்டுச் சொல்றீங்களா, சும்மா சொல்றீங்களா?"

"என் பொண்டாட்டியைப் பத்தி எனக்குத் தெரியாதாம்மா?"

"சாறை இன்னிக்கே நிறுத்துங்க. நாளைக்கு அவங்களைப் பையோட கூட்டிட்டு வாங்க." வைத்தியர் நோட்டின் கடைசிப் பக்கம் வரை புரட்டினார். "இதுல குடிச்சிட்டு நிறுத்தினவங்க எத்தனை பேரு?"

கோதண்டபாணி யோசித்தார். "ஒரு பதினோரு பேரு இருப்பாங்க."

"ஏன் நிறுத்தினாங்க?"

"குணமாயிருக்கும்."

"போய்க் கேட்டுட்டு வாங்க. அப்புறம் சம்மதம் சொல்றேன். சாறு கொண்டு போகக் கூடாது. யோசனை சொல்லக் கூடாது. ஏன் நிறுத்தினீங்க, அவ்வளவுதான் கேக்கணும். வீட்டுலேருந்து ஆரம்பிங்க." வைத்தியர் கையை நீட்டினார். "அந்தச் சிமிழை இங்க வெச்சிட்டுப் போங்க."

கோதண்டபாணிக்கு அதுதான் வலித்தது. வைத்துவிட்டுப் போனார்.

வீட்டிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வேதவல்லி எங்கே போகப்போகிறாள்? அவளை எப்போது வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம். மறுநாள் அவளைக் கூட்டிக்கொண்டு போவதையும் சாயங்காலத்துக்குத் தள்ளிவைத்தார். காலையில் வழக்கப்படி சாறு டம்ளரை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நாலு மாதமாகக் கொடுக்கிறோம், ஒரே ஒரு நாளில் என்ன ஆகிவிடும் என்பது அவர் கணக்கு.

முதலில் ஓய்வு பெற்ற ரயில்வே கார்டு ஞானப்பிரகாசம் வீடு. நோட்டில் இருபத்தாறாவது பெயர். 'வயிறு சுத்தமானது' என்று எழுதியிருந்தது.

கதவைத் திறந்த அம்மா, "அவரு வெளியூரு போயிருக்காருங்களே" என்றார். அவருக்குப் பின்னால் தொங்கிய திரைச்சீலைக்குக் கீழே இரண்டு கால்கள் தெரிந்தன.

"காலை மட்டும் விட்டுட்டுப் போயிட்டாருங்களா?" என்றார் கோதண்டபாணி.

திரை விலகியது. ஞானப்பிரகாசம் வெளியே வந்தார்.

"கோச்சுக்காதீங்க இன்ஸ்பெக்டரே. சாறு எடுத்துட்டு வந்துட்டீங்களோன்னு பயந்துட்டேன்."

"இல்லீங்க. ஏன் நிறுத்தினீங்கன்னு கேக்க வந்தேன்."

"முப்பது வருஷம் வண்டியில போனவன் நான். ஒரு நாள் வயித்தால தொந்தரவு கிடையாது. உங்க சாறு குடிச்சதுலேருந்து பிளாட்பாரத்துல கடைசி வரைக்கும் நடக்க முடியல. பாதியில திரும்பி ஓடணும். பாத்ரூம் சாவியை ஸ்டேஷன் மாஸ்டர் என் கையிலேயே குடுத்துட்டாரு, வெச்சுக்கங்கன்னு."

"அது உள்ள இருக்கிற அழுக்கு..." என்று ஆரம்பித்த கோதண்டபாணிக்கு உத்தரவு ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டு எழுதினார்.

அடுத்தது துணிக்கடை நூருன்னிசா. நீர்க்கடுப்பு என்று குடிக்க ஆரம்பித்தவர்.

"நாலே நாள்ல சரியாப் போச்சு இன்ஸ்பெக்டர். அதான் நிறுத்திட்டேன்."

கோதண்டபாணிக்குத் தலைகால் புரியவில்லை. "சொன்னேன் பாத்தீங்களா! நாலே நாள்! சாறு மட்டும்தானே?"

"சாறு குடிச்சேன். அந்த நாலு நாளும் டாக்டர் குடுத்த மாத்திரையும் போட்டேன்."

"எதுனால சரியாச்சு?"

"அது எனக்கெப்படிங்க தெரியும்? உள்ள போனது ரெண்டும்தானே."

மூன்றாவது, ரேஷன் கடையில் வேலை பார்த்த சபாபதி. நோட்டில் 'முகத்தில் பொலிவு' என்று இருந்தது. அவர் கோதண்டபாணியைக் கைப்பிடித்துக் கொல்லைப்புறம் அழைத்துப் போனார். அங்கே காய்ந்துபோன ஒரு செம்பருத்திச் செடி நின்றது.

"இதுக்குத்தாங்க ஊத்தினேன். எனக்கு அந்த வாசனை ஒத்துக்காது. கொட்டறதுக்கும் மனசு வரல, நீங்க அவ்வளவு பிரியமாக் குடுக்குறீங்க. பாட்டில்ல கொண்டாந்து தினமும் செடிக்கு ஊத்திடுவேன். ஒரு மாசம் பூத்துச்சு பாருங்க, அப்படி ஒரு பூ. அப்புறம் வேரு அழுகிப்போச்சு. அதான் நிறுத்திட்டேன்."

"பொலிவுன்னு சொன்னீங்களே?"

"பூவைத்தாங்க சொன்னேன். நீங்க எழுதிக்கிட்டீங்க."

இதற்கு மேல் யாரையும் கேட்கக் கோதண்டபாணிக்குத் தெம்பு இல்லை. மணி பன்னிரண்டரை. வெயிலில் சைக்கிளை மிதித்து வீட்டுக்கு வந்தார்.

வேதவல்லி கூடத்தில் படுத்திருந்தாள். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருடத்தில் பகலில் அவள் படுத்து அவர் பார்த்ததில்லை. பக்கத்தில் காலி டம்ளர் இருந்தது.

"என்ன வேதா?"

"ஒண்ணுமில்லீங்க. கால்தான் என் கால் மாதிரியே இல்ல. தூக்கினா வரமாட்டேங்குது. நெஞ்சு ஒரு மாதிரி தப்பித் தப்பி அடிக்குது. கொஞ்சம் படுத்தா சரியாயிடும். சாதம் வடிச்சிட்டேன், குழம்புதான் வெக்கல."

கோதண்டபாணி நோட்டைத் தூக்கிப் போட்டார். போனை எடுத்துக் குருவைக் கூப்பிட்டார்.

"அம்மா, வேதாவுக்குக் கால் அசங்கலம்மா. நெஞ்சு படபடங்குதாம். என்ன கஷாயம் குடுக்கணும்? சொல்லுங்க, உடனே போட்டுடறேன்."

"எதுவும் குடுக்காதீங்க. சொட்டுகூடக் குடுக்காதீங்க. சாறு இன்னிக்கும் குடிச்சாங்களா?"

"குடிச்சா."

"108-ஐக் கூப்பிடுங்க. இப்பவே. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க, நான் பின்னாலயே வர்றேன். அவங்க மாத்திரை எல்லாத்தையும் பையில எடுத்துக்கங்க."

"அவளுக்கு மாத்திரையே..."

"வீட்டுல இருக்கும். தேடுங்க."

தேடினார். அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒரு பிஸ்கட் டின்னில் ரத்த அழுத்த மாத்திரை இரண்டு வகை இருந்தது. அதற்கு அடியில் போன வருடத்து ரத்தப் பரிசோதனைக் காகிதம். சிறுநீரகம் கொஞ்சம் பலவீனமாக இருக்கிறது, ஆகாரத்தில் கவனம் என்று டாக்டர் அதன் ஓரத்தில் எழுதியிருந்தார். அந்தக் காகிதத்தை அவர் அன்றைக்குத்தான் பார்த்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்ன மாத்திரை, எத்தனை வேளை, எத்தனை வருஷமாக என்று கேட்டபோது கோதண்டபாணி பையை நீட்டிக்கொண்டு நின்றார். ஊரில் இருக்கிற டிரான்ஸ்பார்மர் ஒவ்வொன்றின் நம்பரும் அவருக்கு மனப்பாடம். இதற்கு மட்டும் பதில் தெரியவில்லை. ஸ்டிரெச்சரில் படுத்திருந்த வேதவல்லிதான் மெல்லிய குரலில் ஒவ்வொன்றாகச் சொன்னாள். காலையில் இது, ராத்திரி அது, ஆறு வருஷமாக.

ரத்தத்தில் பொட்டாசியம் தாறுமாறாக ஏறியிருந்தது. பலவீனமான சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியவில்லை. அவள் சாப்பிட்ட மாத்திரையில் ஒன்றும் அதை உள்ளேயே தேக்கி வைக்கிற ரகம். அதற்கு மேல் தினமும் இரண்டு டம்ளர் சாறும் இரண்டு இளநீரும்.

"இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா இதயம் நின்னிருக்கும்" என்றார் டாக்டர். "யாருங்க இதைக் குடிக்கச் சொன்னது?"

கோதண்டபாணி தாடியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். பின்னாலேயே வந்து சேர்ந்திருந்த தையல்நாயகி அவரைப் பிடித்து ஒரு பெஞ்சில் உட்காரவைத்தார். ஊசி போட்டார்கள், மருந்து ஏற்றினார்கள், மார்பில் ஒயர்களை ஒட்டிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அந்தப் பெட்டியில் ஓடிய பச்சைக் கோட்டைக் கோதண்டபாணி கண்ணிமைக்காமல் பார்த்தார். எத்தனையோ மின்கம்பிகள் அறுந்து போனதைப் பார்த்தவர் அவர். இந்த ஒரு கோடு மட்டும் அறுந்துவிடக் கூடாது என்று இருக்கிற சாமியை எல்லாம் வேண்டிக்கொண்டார்.

அறுந்துவிடவில்லை. மூன்றாம் நாள் வேதவல்லி எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டாள்.

"ஏன் வேதா எங்கிட்ட சொல்லல?"

"என்னத்தச் சொல்றது?"

"மாத்திரை சாப்பிடறேன்னு. இந்தச் சாறு ஒத்துக்கலேன்னு. களைப்புப் போச்சான்னு கேட்டப்போ போச்சுன்னியே?"

"அடுப்புல பால் பொங்கிக்கிட்டிருந்துச்சு. போச்சுன்னு சொன்னாத்தானே விடுவீங்க?" வேதவல்லி கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "ரிட்டயர் ஆகி ஒரு வருஷம் மோட்டுவளையைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தீங்க. எனக்குப் பயமா இருந்துச்சு. இந்தச் சாறு வந்தப்புறம் விடியறதுக்கு முன்னாடியே எந்திரிச்சுப் பாட்டுப் பாடிக்கிட்டுத் தண்டு நறுக்குறீங்க. அதைக் கெடுப்பானேன்னு குடிச்சிட்டேன்."

கோதண்டபாணி விசும்பி விசும்பி அழுதார். அந்தப் பக்கம் வந்த நர்ஸ் இவர்தான் நோயாளி என்று நினைத்துக் கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்துவிட்டுப் போனாள்.

வேதவல்லி வீடு திரும்பினாள். நல்லது. கதை இத்தோடு முடிந்திருக்கலாம். ஆனால் கோதண்டபாணி எதையும் பாதியில் விடுகிற ஆள் இல்லை.

ஸ்டேஷன் வாசலில் மறுபடியும் பேனர் ஏறியது. 'வாழைத்தண்டு விஷம்! தொடாதீர்! இப்படிக்கு, அனுபவப்பட்டவன்.' அதே போட்டோதான். கைகூப்பியபடி இருந்தது. கடைக்காரனிடம் சொல்லிச் சிரிப்பை மட்டும் எடுக்கச் சொல்லியிருந்தார். எடுத்த இடத்தில் மீசை கொஞ்சம் கோணிவிட்டது.

பிளாட்பாரத்தில் நடந்தவர்களை நிறுத்தி நிறுத்திப் பொட்டாசியத்தைப் பற்றிப் பேசினார். நடக்க வந்தவர்கள் ஓட ஆரம்பித்தார்கள். காய்கறிக்கடை அஞ்சலையின் கூடையிலிருந்து ஒரு முழு வாழைத்தண்டைத் தூக்கிக்கொண்டு போய் ரயில்வே குட்டையில் போட்டார். நூருன்னிசாவைத் தேடிப் போய், மறுபடி நீர்க்கடுப்பு வந்தாலும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கினார். ஞானப்பிரகாசம் பேத்தியின் காதணி விழாவில் இலை போட்டு வாழைத்தண்டு மோர்க்கூட்டு பரிமாறியபோது, பந்தியின் நடுவில் இறங்கி, வரிசையாக ஒவ்வொரு இலையிலிருந்தும் கூட்டை வழித்து எடுத்தார். நாற்பது இலை வரைக்கும் யாருக்கும் அவரைத் தடுக்கத் தோன்றவில்லை. நாற்பத்தோராவது இலையில் உட்கார்ந்திருந்தவர் கையைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் கொஞ்சம் ரசாபாசமாகிவிட்டது.

மறுநாள் மத்தியானம் கோதண்டபாணி வைத்தியசாலைக்கு வந்தார். சட்டையில் ஒரு பித்தானைக் காணவில்லை.

தையல்நாயகி அப்போதுதான் நோயாளிகளை அனுப்பிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, டிபன் கேரியரைப் பிரித்திருந்தார். மேல்தட்டில் சாதம். கீழ்த்தட்டில் தயிர் போட்டு வெள்ளை வெளேரென்று ஏதோ ஒரு கூட்டு.

கோதண்டபாணி எட்டிப் பார்த்தார்.

"அம்மா! கீழ வைங்க!"

"என்னங்கய்யா?"

"அது வாழைத்தண்டு!"

"ஆமா. எங்க மாமியார் செஞ்சது. நல்லா இருக்கும். ஒரு வாய் சாப்பிடறீங்களா?"

"வேதாவைக் கொல்லப் பாத்ததும்மா அது!"

"அவங்க எப்படி இருக்காங்க இப்போ?"

"நல்லா இருக்கா. நேத்து நானேதான், டாக்டர் மாத்திக் குடுத்த மாத்திரையை எடுத்துக் குடுத்தேன். காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. பேரு மனப்பாடம் ஆயிடுச்சு. ஆனா நீங்க அந்தக் கூட்டைத் தொடாதீங்க."

வைத்தியர் சாதத்தில் கூட்டைப் போட்டுப் பிசைந்தார். ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

கோதண்டபாணி கண்ணை இறுக மூடினார். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். வைத்தியர் இரண்டாவது கவளத்தை உருட்டிக்கொண்டிருந்தார்.

கோதண்டபாணி பொறுமை இழந்தார். முக்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார்.

"என்னம்மா இது? நாலு மாசமா அமிர்தம்னு சொன்னேன், நீங்க ஒத்துக்கல. இப்போ விஷம்னு சொல்றேன், அதையும் ஒத்துக்க மாட்டேங்கிறீங்க. ஊரு என்னைப் பாத்துச் சிரிக்குது. நேத்து ஒருத்தன் சட்டையைப் பிடிச்சிட்டான். உங்களை நம்பித்தாம்மா வந்தேன். இருபது கேள்வியும் கேட்டு முடிச்சாச்சு, கை நோக அட்டையும் எழுதியாச்சு. இன்னிக்கு ஒரு முடிவு தெரியாம நான் போறதா இல்ல."

"என்ன முடிவு வேணும்?"

"வாழைத்தண்டு நல்லதா, கெட்டதா? ஒரே வார்த்தையில சொல்லிடுங்க. நீங்க எதைச் சொல்றீங்களோ அதை அப்படியே பேனர்ல போட்டுடறேன். அப்புறம் வாயே திறக்க மாட்டேன்."

வைத்தியர் வாயில் இருந்ததை மென்று விழுங்கினார். ஒரு வாய் தண்ணீர் குடித்தார்.

"யாருக்கு?" என்றார்.